பினாங்கில் சிறு தொழில் செய்பவர்களுக்கு வர்த்தகச் சங்கம் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைக் கடை, சாப்பாட்டுக் கடை, அச்சகம், லாரிப் போக்குவரத்து, கணக்கு அலுவலகம் என்று பினாங்கில் சின்ன அளவில் தொழில் நடத்தும் நம்மவர்கள் வர்த்தகச் சங்கங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் என் கருத்தும் கலந்தே இருக்கும். சங்கங்கள் வேண்டும் என்று உறுதியாக நினைப்பவன் நான். ஆனால் சந்தா கட்டிய ரசீதை மேசை டிராயரில் போட்டுவிட்டுப் பலன் வரும் என்று காத்திருப்பவருக்கு ஒன்றும் வராது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாலு பேர் வேலை செய்யும் கடை என்னுடையது. எனக்கு எதற்குச் சங்கம்?

நாலு பேர் கடை என்பதால்தான் தேவை. பெரிய கம்பெனியில் சம்பளம் பார்க்க ஓர் ஆள், வரி பார்க்க ஓர் ஆள், லைசென்ஸ் பார்க்க ஓர் ஆள் இருப்பார்கள். உங்கள் கடையில் அந்த மூன்று வேலையும் உங்கள் தலையில். கல்லாவிலும் நீங்களே உட்கார வேண்டும்.

2025ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருப்பவர்களுக்குப் பிப்ரவரி 1 முதல், அதற்குக் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு ஆகஸ்ட் 1 முதல். ஜூலை 1 அன்று விற்பனை, சேவை வரியின் வரம்பு விரிந்து கடை வாடகையும் அதற்குள் வந்தது. அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இபிஎஃப் எனும் சேமநிதிச் சந்தா கட்டாயமானது: முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு. இதற்கிடையே இ-இன்வாய்ஸ், அதாவது விற்பனைச் சீட்டை மின்னணு வழியில் வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் முறை. 2024 ஆகஸ்டில் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் விற்பனை உள்ளவர்களிடம் தொடங்கி, 2025 ஜூலையில் 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியவர்கள் வரை இறங்கி வந்துவிட்டது.

இத்தனையும் ஒரே ஆண்டில். இதில் எது என் கடைக்குப் பொருந்தும், எது பொருந்தாது, எந்தத் தேதியிலிருந்து? இந்தக் கேள்விக்கு மலாயிலும் ஆங்கிலத்திலும் அரசாங்க அறிவிப்புகள் இருக்கின்றன. அவற்றை உட்கார்ந்து படித்து, உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி தமிழில் விளக்க ஓர் இடம் வேண்டும். நன்றாக நடக்கும் சங்கம் அதைச் செய்கிறது. வருமான வரி வாரியத்திலிருந்தோ, தொழிலாளர் சமூகப் பாதுகாப்பைக் கவனிக்கும் சொக்சோவிலிருந்தோ ஓர் அதிகாரியை அழைத்து ஒரு மாலை உட்கார வைத்தால், கடைக்காரர்கள் தங்கள் சந்தேகத்தை நேருக்கு நேர் கேட்டுவிடலாம். முன்கூட்டியே விஷயம் தெரிந்தவருக்கு அது ஒரு வேலை, அவ்வளவுதான். தாமதமாகத் தெரிந்தவர் அபராதத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்.

சிறு நிறுவனம் என்று அரசாங்கம் யாரைச் சொல்கிறது?

2014 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் விளக்கப்படி, ஆண்டு விற்பனை 3 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாகவோ வேலையாட்கள் ஐந்து பேருக்குக் குறைவாகவோ இருந்தால் அது குறுந்தொழில். சேவை, சில்லறை வணிகம் போன்ற துறைகளில் விற்பனை 30 லட்சத்துக்குள் அல்லது ஆட்கள் 30 பேருக்குள் என்றால் சிறு நிறுவனம். உற்பத்தித் துறைக்கு இந்த வரம்பு 1.5 கோடி ரிங்கிட் அல்லது 75 ஆட்கள். உங்கள் இடம் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கடனுக்கோ மானியத்துக்கோ போனால் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

பினாங்கில் நாம் சேரக்கூடிய சங்கங்கள் எவை?

மூன்று வகையாகப் பார்க்கலாம்.

ஒன்று, எல்லாத் தொழிலுக்கும் பொதுவான வர்த்தகச் சங்கம். பினாங்கு இந்திய வர்த்தகத் தொழிலியல் சங்கம் அப்படிப்பட்டது. மாநிலங்களில் இருக்கும் இந்திய வர்த்தகச் சங்கங்களுக்கு மேலே தேசிய அளவில் இருப்பது மைக்கி என்ற கூட்டமைப்பு. மலாய், சீன வர்த்தகச் சங்கங்களின் தேசிய அமைப்புகளும், உற்பத்தியாளர் சம்மேளனமும், மைக்கியும் சேர்ந்து தேசிய வர்த்தகத் தொழிலியல் சபையில் அங்கம் வகிக்கின்றன. ஆக, ஜார்ஜ்டவுனில் ஒரு சின்னக் கூட்டத்தில் நீங்கள் எழுப்பும் பிரச்சினை மத்திய அமைச்சுகள் இருக்கும் புத்ராஜெயாவரை போய்ச் சேர ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையில் யாராவது நடந்தால்தான் அது போய்ச் சேரும், அது வேறு விஷயம்.

இரண்டு, தொழில்வாரிச் சங்கங்கள். இந்திய உணவக உரிமையாளர்களுக்கு பிரிமாஸ், முஸ்லிம் உணவக உரிமையாளர்களுக்கு பிரெஸ்மா. முடிதிருத்தும் நிலையம், நகைத் தொழில், பழைய இரும்பு வணிகம் போன்றவற்றுக்கும் தனித்தனிச் சங்கங்கள் உண்டு.

மூன்று, ஒரு தெரு அல்லது ஒரு வட்டாரத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து நடத்துபவை. பெயர்ப்பலகை இல்லாமல் வாட்ஸ்அப் குழுவாக மட்டும் இருப்பதும் உண்டு.

வணிகர்கள் அமைப்பாகச் சேர்வதில் பினாங்குக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. ஐரோப்பிய வணிகர்கள் இங்கே வர்த்தகச் சபை அமைத்தது 1837இல். சீன வணிகர்கள் 1903இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்தத் தீவில் நிலைத்து நின்ற ஒவ்வொரு வணிகச் சமூகமும் கூடிப் பேசும் இடம் ஒன்றை வைத்திருந்தது. நம் செட்டியார்களும் மரைக்காயர்களும் கோவிலையும் பள்ளிவாசலையும் சுற்றி அதையே செய்தார்கள்.

எல்லாவற்றிலும் சேர முடியாது. முதலில் எது?

தொழில்வாரிச் சங்கம் இருந்தால் அதில் சேருங்கள். உணவகக்காரருக்கு வரும் தலைவலி உணவகக்காரருக்குத்தான் புரியும். அப்புறம் இரண்டாவது ஆண்டு, நேரமும் பணமும் இருந்தால், பொதுவான வர்த்தகச் சங்கம்.

உங்கள் வாடிக்கையாளர்கள் பொதுமக்கள் இல்லை, கம்பெனிகள்தான் என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பாயான் லெப்பாஸ் தடையற்ற வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. அங்கே இருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பஸ், கேன்டீன், துப்புரவு, அட்டைப்பெட்டி, லேபிள் என்று எத்தனையோ சின்னக் கம்பெனிகள் சேவை செய்கின்றன. அந்த மாதிரித் தொழிலில் இருப்பவர், வாங்குபவர்களும் வந்து உட்காரும் பொது வர்த்தகச் சங்கத்துக்கே முதலில் போக வேண்டும். நம் ஆட்கள் சங்கத்தோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். எல்லா இனத்தவரும் இருக்கும் சிறு, நடுத்தரத் தொழில் சங்கத்திலும் ஓர் இடம் பிடியுங்கள். ஆர்டர் கொடுப்பவர் எந்த மேசையில் இருக்கிறாரோ அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும்.

சங்கம் சொன்னால் அரசாங்கம் கேட்குமா?

கேட்கும். ஆனால் உடனே கேட்காது.

எல்லாரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு: முடிதிருத்தும் நிலையங்கள், நகைத் தொழில், ஜவுளிக் கடைகள். இந்த மூன்று துறைகளுக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதை 2009இல் நிறுத்தினார்கள். மூன்றுமே நம்மவர்கள் காலங்காலமாகச் செய்யும் தொழில்கள். கத்தி பிடிக்கவும் பொன் உருக்கவும் உள்ளூர் இளைஞர்கள் வரவில்லை. நாற்காலிகள் காலியாக, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தந்தத் தொழில் சங்கங்கள் மனு கொடுத்தன, அமைச்சர்களைப் பார்த்தன, பத்திரிகைகளில் பேசின, ஆட்சி மாறியபோது புதியவர்களிடம் முதலிலிருந்து சொன்னன. 2023இல்தான் இந்த மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அனுமதி என்ற அறிவிப்பு வந்தது.

பதினான்கு ஆண்டுகள்! இதைச் சொன்னால் சிலர், "அப்படியானால் சங்கத்தால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சங்கமே இல்லாமல் ஒரு முடிதிருத்துநர் தனியாக பதினான்கு ஆண்டுகள் புத்ராஜெயாவுக்குப் போய் வந்திருக்க முடியுமா? கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள் போவதே அவருக்கு ஒரு நாள் வருமானம் போவது. தலைவர் மாறினாலும், உறுப்பினர் ஓய்வு பெற்றாலும், கோரிக்கைக் கோப்பு ஒரே இடத்தில் இருந்து கைமாறிக்கொண்டே போக வேண்டும். தனி மனிதரிடம் அது நடக்காது.

உள்ளூர் அளவில் விஷயங்கள் இவ்வளவு இழுக்காது. குப்பை எடுக்கும் நேரம், வண்டி நிறுத்தம், தீபாவளிக் காலத்தில் லிட்டில் இந்தியாவில் தெருவை மூடுவது, நடைபாதையில் சரக்கு வைப்பது போன்றவை பினாங்கு மாநகர் மன்றத்தோடு பேசித் தீர்க்கும் விஷயங்கள். ஒரு கடைக்காரர் போனால் அது புகார். முப்பது கடைக்காரர்களின் கையெழுத்தோடு ஒரு கடிதம் போனால், அதற்குப் பதில் எழுத வேண்டிய கடமை வந்துவிடுகிறது.

ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்தில் வாடகைக்குக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது தனியாக இருக்கிறதா?

இருக்கிறது. வட்டாரச் சங்கம் மற்ற எல்லாரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் தேவை.

போருக்கு முந்தைய கட்டடங்களின் வாடகை நெடுங்காலம் சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்தாகி, கொடுத்த அவகாசமும் 1999 இறுதியோடு முடிந்தது. 2000 ஜனவரியிலிருந்து வாடகையை உரிமையாளரே தீர்மானிக்கலாம் என்று ஆனது. தலைமுறையாக ஒரே வாசலில் தொழில் செய்தவர்கள் பலர் அந்த வாடகையைக் கட்ட முடியாமல் நகரத்தை விட்டே போனார்கள். அடுத்து 2008 ஜூலை 7 அன்று ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தளம் ஆனது. சுற்றுப்பயணிகள் வந்தார்கள், நல்லது. அதோடு ஒரு பழைய கட்டடத்தில் சுவரை இடிக்கவோ முகப்பை மாற்றவோ அனுமதி வாங்கும் நடைமுறையும் கூடியது.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, பக்கத்துக் கடைகளில் எத்தனை ஆண்டு ஒப்பந்தம் போடுகிறார்கள், பராமரிப்புச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் தெரியாமல் உரிமையாளர் எதிரில் உட்காராதீர்கள். லெபோ பசாரிலும் பினாங் ஸ்ட்ரீட்டிலும் பழைய கடைக்காரர்களிடம் இந்த விவரம் நிறைய இருக்கிறது. ஆனால் பழக்கமில்லாதவரிடம் சொல்ல மாட்டார்கள்.

எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து விலையை ஏற்றிக்கொள்ளலாமே? அதற்குத்தானே சங்கம்?

கூடவே கூடாது. இந்தப் பதிலை மட்டும் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

2010ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் 2012 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஒரே தொழிலில் இருப்பவர்கள் சேர்ந்து விலையை நிர்ணயிப்பதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. சங்கம் எடுக்கும் தீர்மானமும் அந்தத் தடையில் அடங்கும். மீறல் நடந்த காலத்தில் வந்த மொத்த விற்பனையில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். லாபத்தில் இல்லை, விற்பனையில்!

சின்ன ஆட்களை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மலேசியப் போட்டி ஆணையம் பிடித்தது கேமரன் மலைப் பூ விவசாயிகள் சங்கத்தை. பூ விலையை 10 விழுக்காடு ஏற்றுவதென்று உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டதுதான் விஷயம். அதை நிறுத்தி, இனி செய்ய மாட்டோம் என்று உறுதி கொடுத்து, பத்திரிகையில் அறிவிப்பும் வெளியிட வேண்டியிருந்தது. 2015இல் சரவாக்கின் சிபுவில் பேக்கரி, இனிப்புத் தின்பண்டச் சங்கத்தின் உறுப்பினர்கள் 24 பேருக்கு மொத்தம் 247,730 ரிங்கிட் அபராதம். அவர்களும் கூட்டத்தில் உட்கார்ந்து விலையேற்றத்துக்குத் தலையாட்டியவர்கள்தான். கேக்கும் ரொட்டியும் விற்கும் கடைகள், பெரிய முதலாளிகள் இல்லை.

சமையல் எண்ணெய், கோழி, மாவு விலை ஏறும்போது நம் உணவகக்காரர்கள் கூட்டத்தில், "அடுத்த மாதம் முதல் ரொட்டி சானாய் இவ்வளவு" என்று யாராவது சொல்லிவிடுவது மிகவும் இயல்பாக நடக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் போதும், அது ஒப்புதலாகப் பார்க்கப்படலாம். அப்படிப் பேச்சு வந்தால் உங்கள் எதிர்ப்பை வெளிப்படையாகச் சொல்லி, கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லி, எழுந்து வந்துவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருந்தேன் என்பது காப்பாற்றாது.

செலவு ஏறுகிறது என்று அமைச்சிடம் சேர்ந்து முறையிடலாம். மானியம் கேட்கலாம். லைசென்ஸ் கட்டணத்தை எதிர்க்கலாம். பயிற்சி நடத்தலாம். விற்பனை விலை மட்டும் அவரவர் தனியாக எடுக்க வேண்டிய முடிவு.

சங்கத்தில் சேர்ந்தால் கடன் கிடைக்குமா?

சங்கம் கடன் கொடுப்பதில்லை, வாங்கித் தருவதும் இல்லை. இந்தியத் தொழில்முனைவோருக்கு அரசாங்க நிறுவனமான டெக்குன் நேசனல் நடத்தும் ஸ்பூமி, பேங்க் ராக்யாட்டின் பிரீஃப்-ஐ ஆகிய கடன் திட்டங்களுக்கு நீங்களே நேராக விண்ணப்பிக்கலாம். இந்தியப் பெண்களுக்குச் சிறுகடன் அமைப்பான அமானா இக்தியாரின் பென் திட்டம் இருக்கிறது. வீட்டிலிருந்து பலகாரமோ தையலோ செய்பவர்கள் அதை விசாரியுங்கள்.

சங்கம் உதவுவது அதற்கு முந்தைய கட்டத்தில். எஸ்.எஸ்.எம். எனும் நிறுவன ஆணையத்தில் பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு, லைசென்ஸ், கணக்குப் புத்தகம் என்று எதைச் சரியாக வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதை ஏற்கனவே போய் வந்தவர் சொல்லிக் கொடுப்பார். நம்மவர்கள் பலருக்குத் தொழில் நன்றாகத்தான் ஓடுகிறது, காகிதத்தில்தான் ஓட்டை. சங்கத்தின் பெயரைச் சொல்லி, கடனுக்குக் கமிஷன் கேட்பவர் வந்தால் அவரை உட்காரவே வைக்காதீர்கள்.

போட்டியாளரோடு பழகினால் என் தொழில் ரகசியம் போய்விடாதா?

இந்தப் பயம் நம்மிடம் அளவுக்கு மீறி இருக்கிறது. சமையல் செய்முறையையும் வாடிக்கையாளர் பட்டியலையும் யாரும் உங்களைக் கேட்கப் போவதில்லை.

தைப்பூசம் நெருங்கும்போது ஒரு பூக்கடைக்காரருக்குக் கைமீறி ஆர்டர் வருகிறது. தெரிந்த இன்னொரு கடை இருந்தால் பாதியை அங்கே கொடுத்து வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அச்சகத்தில் எந்திரம் பழுதானால் திருமண அழைப்பிதழ் நிற்காமல் வேறொரு கடையில் அடித்துக் கொடுக்கலாம். பாக்கி வைத்துவிட்டு ஊர் ஊராகக் கடன் சொல்லும் ஆசாமி யார் என்பதும் இப்படிப் பழகும் இடத்தில்தான் காதில் விழும். சரக்கைக் கடனில் கொடுக்கலாமா என்று முடிவெடுக்கும் மொத்த வியாபாரி, புதியவரை அறிந்த ஒருவர் வாய்வார்த்தை சொன்னால் நம்புகிறார். எந்த வங்கிப் படிவத்திலும் கிடைக்காத உத்தரவாதம் அது.

சந்தா கட்டுவது செலவா?

செலவுதான், அதனால் கணக்குப் பார்த்தே கட்டுங்கள். நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, அதற்கு மேல் விருந்து டிக்கெட், ஆண்டு மலரில் விளம்பரம், நன்கொடை என்று ஓராண்டில் மொத்தம் எவ்வளவு போகும் என்று சேர்வதற்கு முன்பே கேளுங்கள். ஆண்டுச் சந்தாவைப் பொதுவாக வணிகச் செலவில் காட்டலாம், நுழைவுக் கட்டணம் அப்படி இல்லை. கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். மாதம் ஒரு மாலையை ஒதுக்க முடியாது என்றால், இந்த ஆண்டு சேர வேண்டாம்.

நல்ல சங்கமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற சங்கம் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கையும் செயலவை விவரத்தையும் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, "போன வருடத்துக் கணக்கைக் காட்டுங்கள்" என்று தாராளமாகக் கேட்கலாம். கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் சங்கத்தை நம்புங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

கணக்கைக் கையில் வாங்கினால் விருந்துக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய இரவு விருந்தும், அமைச்சருக்குப் பொன்னாடையும், அதன் புகைப்படமும் தவிர வேறெதுவும் நடக்காத சங்கங்கள் இருக்கின்றன. விருந்து தப்பில்லை, அங்கேயும் அறிமுகங்கள் நடக்கும். ஆனால் மற்ற பதினொரு மாதமும் அலுவலகம் பூட்டியே கிடந்தால் உங்கள் சந்தா தலைவரின் புகழுக்குப் போகிறது. செயலவையில் இப்போதும் கடை நடத்துபவர்கள் எத்தனை பேர், நாற்பது வயதுக்குக் குறைந்தவர்கள் எத்தனை பேர், பெண்கள் இருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். கட்சிக் கிளைபோலச் சங்கம் நடந்தால், அடுத்த தேர்தலோடு அதன் செல்வாக்கும் மாறிவிடும்.

சேர்ந்துவிட்டேன். முதல் ஆண்டில் என்ன செய்வது?

பொதுக்கூட்டத்தைத் தவறவிடாதீர்கள், உங்கள் வாக்குக்கு மதிப்பு இருக்கும் ஒரே நாள் அது. கூட்டத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் பக்கத்தில் உட்காராமல் தெரியாதவர் ஒருவரிடம் பேசுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் ஒரு பிரச்சினையை எழுத்தில் கொடுத்து, என்ன நடந்தது என்று இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள். பயிற்சி, லைசென்ஸ், இளைஞர் என்று துணைக்குழு எதிலாவது ஆள் தேவைப்பட்டால் பெயர் கொடுங்கள். வேலை செய்பவரைத்தான் அங்கே எல்லாரும் அறிவார்கள்.

பத்து பேரும் அதற்கு மேலும் மலேசியத் தொழிலாளர்களை வைத்திருந்து மனிதவளப் பயிற்சி நிதியைப் பார்க்கும் எச்.ஆர்.டி. கோர்ப்புக்குச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுபவரா நீங்கள்? அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு எப்படித் திரும்ப எடுப்பது என்று சங்கத்தில் யாராவது செய்து பார்த்திருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே விசாரியுங்கள்.

ஒன்றும் நடக்கவில்லை என்றால் விலகிவிடலாமா?

தாராளமாக. ஆனால் சந்தாவைக் கட்டாமல் விட்டுவிடுவது விலகுவது ஆகாது. சில சங்கங்களின் சட்டவிதிப்படி பாக்கி உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும். செயலாளருக்குக் கடிதம் எழுதி, ஏன் விலகுகிறீர்கள் என்ற காரணத்தையும் அதிலேயே குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் கொடுக்கும் முன் ஒரு முறை செயலவையில் யாரிடமாவது நேரில் பேசிப் பாருங்கள். மற்ற உறுப்பினர்களுக்கும் அதே குறை இருந்தால், அடுத்த பொதுக்கூட்டத்தில் நீங்களே வேட்பாளராக நிற்கலாம். வேட்புமனு எத்தனை நாளுக்கு முன் கொடுக்க வேண்டும், முன்மொழிய எத்தனை பேர் வேண்டும் என்பதெல்லாம் சங்கத்தின் சட்டவிதிப் புத்தகத்தில் இருக்கும். உறுப்பினர் என்ற முறையில் அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.